கழற்றக் கூடாத வாட்ச்

பஸ் நிலையத்தில் அவளுக்கு விசிலக்கா என்று பேர். வேலை டைம் கீப்பர். எந்த பஸ் எப்போது கிளம்ப வேண்டும் என்பது அவள் கையில் இருந்தது. கிளம்பாவிட்டால் மேலதிகாரியிடமும் பயணிகளிடமும் திட்டு வாங்குவதும் அவள்தான். நடைமேடைக்கும் கழிப்பறைக்கும் நடுவே ஒரு தகரக் கூண்டு. அதில் ஒரு ஸ்டூல், தலையை மட்டும் ஆட்டும் ஒரு மேஜை விசிறி. அவள் கழுத்தில் விசில், இடது கையில் பெரிய ஆம்பளை வாட்ச். ஓட்டுநர்கள் டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு நிற்பார்கள். இவள் விசிலை வாயில் வைத்தபடியே வாட்சைத் தட்டிக் காட்டுவாள். அப்படியும் அசையவில்லை என்றால் கூண்டை விட்டு இறங்குவாள். அவள் இறங்குவதைப் பார்த்தும் மிச்ச டீயைக் கொட்டிவிட்டு ஓடாத ஓட்டுநர் அந்த நிலையத்தில் கிடையாது.

"அக்காவுக்கு மூக்குக்கு மேல கோபம்ப்பா" என்பார்கள், அவள் காதில் விழட்டும் என்றே. அவளுக்கும் அதில் கொஞ்சம் பெருமை உண்டு. அங்கே கோபம் வேலைக்கு ஆகிற சாமான். கத்தினால் வண்டி நகரும், வண்டி நகர்ந்தால் கோபம் போய்விடும். அடுத்த நடைக்கு அதே ஓட்டுநர் அவளுக்கும் சேர்த்து டீ வாங்கிக்கொண்டு வருவார்.

வீட்டில் ஒரு பையன் இருந்தான். அவனை எந்த விசிலாலும் கிளப்ப முடியாது.

பத்து வயது. பேச்சு இல்லை. காது கேட்கும், நமக்குக் கேட்பதைவிட நன்றாகவே கேட்கும். அடுத்த தெருவில் மிக்சி ஓடினால் இங்கே காதைப் பொத்திக்கொள்வான். பேர் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் திரும்ப மாட்டான். யார் முகத்தையும் பார்க்க மாட்டான், கையைத்தான் பார்ப்பான். வீட்டுக்கு வருகிறவர்கள் அவனைப் பார்த்துச் சிரிப்பார்கள், அவன் அவர்கள் விரல்களைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவன் அப்பா பால் வண்டி ஓட்டுகிறவர். விடியும் முன்பே கிளம்பிப் போய், வெயில் ஏறிய பிறகு வருவார். வந்ததும் செருப்பைக் கழற்றும் முன்பே அவளுக்குப் போன் போட்டு, "முதலாளி பள்ளிக்கூடம் போயிட்டாரா?" என்று கேட்பார். பையனுக்கு அவர் வைத்த பேர் முதலாளி. வீட்டில் இருக்கிற ரெண்டு பேரும் அவனுக்குத்தானே வேலை பார்க்கிறோம், வேறு எப்படிக் கூப்பிடுவது என்பார்.

நல்ல மனுஷன்தான். ஆனால் காலை நேரத்தில் வீட்டில் இல்லாத மனுஷன். காலை நேரம் முழுக்க அவள் தலையில்தான் விடிந்தது.

அந்தக் காலைகளைச் சொல்லாமல் இந்தக் கதை புரியாது. சிறப்புப் பள்ளியின் வேன் தெருமுனைக்கு வந்து ஹாரன் அடிக்கும். அதற்குள் பையன் சட்டை போட்டிருக்க வேண்டும். தலை வழியாக இழுத்து மாட்டுகிற பனியன் மாதிரி எதையும் அவனுக்குப் போட முடியாது, கண் மறைந்ததும் வீடு இடியும்படி அலறுவான். ஆகவே பொத்தான் வைத்த சட்டை. பொத்தானை அவனாகப் போடத் தெரியாது, அவளாகப் போட்டாலும் கீழிருந்து மேலாகப் போட வேண்டும். அவசரத்தில் அவள் மேல் பொத்தானில் தொடங்கிவிட்டால் போச்சு. எல்லாவற்றையும் பிய்த்துவிட்டு, கைகளைத் தொங்கவிட்டு நிற்பான். முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வெளியே ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கும். அடுப்பில் ஏதாவது கருகும். வேன் போய்விட்டால் அவள் வேலைக்குப் போக முடியாது, அவள் போகாவிட்டால் காலை பஸ்கள் எல்லாம் இஷ்டத்துக்குக் கிளம்பும்.

அவளுடைய அண்ணி போனில் சொல்வாள், "கொஞ்சம் பொறுமையா இரும்மா." அண்ணிக்கும் ரெண்டு பிள்ளைகள். ரெண்டும் தாங்களே சட்டை போட்டுக்கொள்ளும். பொறுமை, பொறுமை என்று ஊருக்கே பாடம் எடுப்பவர்களில் ஒருத்தராவது ஒரு நாள் வந்து அந்தப் பொத்தானைப் போட்டுவிட்டுப் போயிருந்தால் இவ்வளவு எரிச்சலாக இருக்காது.

அப்படி ஒரு காலையில்தான் அவள் கை நீண்டுவிட்டது. அவன் பொத்தான்களை மறுபடி மறுபடி பிய்த்தான். ஹாரன் விடாமல் அடித்தது. என்ன செய்கிறோம் என்று தெரியும் முன்பே இடது கையால் அறை விழுந்தது. வாட்சின் பக்கிள் கண்ணுக்குக் கீழே கீறி, நூல் மாதிரி ரத்தம் வந்தது. அவன் அலறவில்லை. தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். அவள் அவனை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, முதுகில் ரெண்டு தட்டு தட்டினாள். "ஆச்சு, ஆச்சு" என்றாள். அவன் குழந்தையாக இருந்தபோதிலிருந்தே அவளுக்கு அந்தத் தட்டு பழக்கம். பள்ளியில் கேட்டபோது கதவு முனை பட்டுவிட்டது என்று சொன்னாள். புருஷனிடமும் அதையேதான் சொன்னாள்.

அதன் பிறகு, இனி அடிக்கவே கூடாது என்று அவள் முடிவெடுத்தாள் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அப்படி இல்லை. இனி வாட்சோடு அடிக்கக் கூடாது என்றுதான் முடிவெடுத்தாள். கேட்கக் கசப்பாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் நடந்தது. கோபம் தலைக்கேறியதும் முதலில் வாட்சைக் கழற்றி அலமாரி மேல் வைப்பாள். அப்புறம்தான் அறை. அதன் பிறகு மடியும், ரெண்டு தட்டும், ஆச்சு ஆச்சும். பள்ளி வேனில் அவனை ஏற்றிவிட்டுத் திரும்பும்போது தெருவில் போகிறவர்கள் எல்லாம் தன்னையே பார்ப்பது போல அவளுக்கு இருக்கும்.

வாட்சின் தோல் வார் முரடு. அவள் மணிக்கட்டு ஒல்லி என்பதால், கடைசித் துளைக்கும் உள்ளே ஆணியை வைத்து அவளே ஒரு துளை போட்டிருந்தாள். பக்கிள் ஊசி அதில் இறுகிக்கொள்ளும், வெளியே வரும்போது 'டக்' என்று சத்தம் கேட்கும். ஒரு நாள் அது வரவே மாட்டேன் என்று சிக்கிக்கொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள், நகத்தால் நெம்பினாள். ஒரு வழியாக டக் என்று வந்தபோது பார்த்தால், கோபத்தைக் காணோம். பையன் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். அவள் போய்க் கீழிருந்து மேலாகப் பொத்தானைப் போட்டாள். வேன் காத்திருந்தது, அவனும் ஏறிப் போனான். அன்றைக்குப் பஸ் நிலையத்தில் அவள் ஒருத்தரையும் திட்டவில்லை. உடம்புக்கு என்ன என்று ஓட்டுநர்கள் விசாரித்தார்கள்.

சனிக்கிழமைகளில் பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடக்கும். பிள்ளைகளுக்கான குட்டி நாற்காலிகளில் பெரியவர்கள் முட்டி தாடையில் இடிக்க உட்கார்ந்திருப்பார்கள். நடத்துவது டீச்சர். பையனுக்குப் பொத்தான் போடவும், பெல்ட் மாட்டவும், ஸ்பூன் பிடிக்கவும் சொல்லித்தருவதும் அவள்தான். பாவம், சின்னப் பெண். ஒரு பலகையில் பெல்ட் பக்கிள்களை ஆணியடித்து வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் இந்தப் பையனோடு மல்லுக்கட்டினாள். அவன் அவள் விரல்களைப் பார்த்துக்கொண்டே இருப்பான், தன் விரலை நீட்ட மாட்டான்.

அன்றைய கூட்டத்தில் டீச்சர் சொன்னாள், "கோபம் வர்றது தப்பில்ல. யாருக்குத்தான் வராது? கோபத்துக்கும் கைக்கும் நடுவுல ஏதாவது ஒரு வேலைய வெச்சுக்குங்க. உங்களுக்குன்னு ஒண்ணு."

விசிலக்கா கை தூக்கினாள். வாட்ச் சிக்கியதைச் சொன்னாள், கழற்றி முடிப்பதற்குள் கோபம் இறங்கியதைச் சொன்னாள். அதற்கு முன்னால் எதற்காக வாட்சைக் கழற்றத் தொடங்கினாள் என்பதை மட்டும் சொல்லவில்லை. அத்தனை பேர் நடுவில் எந்தத் தாய் சொல்லுவாள்?

டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. "இதுதான், இதேதான் நான் சொல்ல வந்தது!" என்றாள். அடுத்தடுத்த கூட்டங்களில் புதிதாக யார் வந்தாலும், "இந்த அம்மாவோட வாட்ச் கதையக் கேளுங்க" என்று இவளை எழுப்பிவிடுவாள். ஒரு தச்சர் வருவார், வயதானவர், அவர் மகளும் இவள் பையனைப் போலவேதான். அவர் காதில் செருகியிருக்கும் பென்சிலை எடுத்து மேஜைமேல் வைப்பதைத் தன் வழியாக வைத்துக்கொண்டார். "உங்க புண்ணியம் தங்கச்சி. பென்சில எடுத்து வெச்சிட்டா, கூடவே கோபத்தையும் எடுத்து வெச்ச மாதிரி இருக்கு" என்றார்.

உண்மையாகவே அது பலித்தது. மாதக்கணக்கில் அவள் பையன் மேல் கை வைக்கவில்லை. கோபம் வரும், வாட்சைக் கழற்றி வைப்பாள், மூச்சு விடுவாள், மறுபடி கட்டிக்கொள்வாள். நானும் ஒரு நல்ல தாய்தான் என்று ரொம்ப நாளைக்குப் பிறகு அவளுக்குத் தோன்றியது. வேனில் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது தெரு வெறும் தெருவாக இருந்தது.

பையன்தான் புதிதாக ஒன்று செய்யத் தொடங்கினான். சாயங்காலம் அவள் பாத்திரம் கழுவப் போனால் மேஜைக்கு அடியில் புகுந்துகொள்வான். தலையை மூடிக்கொண்டு, கழுவி முடிக்கும் வரை வெளியே வர மாட்டான்.

"தண்ணிச் சத்தம் ஆகல போல முதலாளிக்கு" என்றார் புருஷன். ஒரு துணியைச் சுருட்டிக் குழாய் வாயில் கட்டினார். தண்ணீர் சத்தமில்லாமல் வழுக்கி இறங்கியது. அப்படியும் அவன் மேஜைக்கடியில்தான். பாத்திரங்களைச் சத்தம் வராமல் ஒவ்வொன்றாகக் கவிழ்த்தார்கள். திருடர்கள் மாதிரி சமையலறையில் நடந்தார்கள். ஒரு நாள் அவரே, "நீ போ, நான் கழுவுறேன்" என்று நின்று கழுவினார். அன்றைக்கு அவன் மேஜைக்கு வெளியே விளையாடிக்கொண்டிருந்தான். "பாத்தியா, எங் கைக்கு எவ்வளவு பதம்!" என்று அவர் பீற்றிக்கொண்டார். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு கடைத்தெருவில் ஒரு கடிகாரக் கடை வாசலில் நின்று போனது. வாட்சுக்குப் பேட்டரி மாற்ற வேண்டியிருந்தது. பையனையும் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த கடைக்காரர் கை நீட்டினார். அவள் வாரை இழுத்தாள். டக்.

பையன் நடுத்தெருவில் உட்கார்ந்தான். தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். சைக்கிள்காரர் ஒருத்தர் திட்டிக்கொண்டே ஒதுங்கிப் போனார். அங்கே தண்ணீர் இல்லை, பாத்திரம் இல்லை, அடிப்பதற்கு ஒரு காரணமும் இல்லை. அவள் கையில் வாட்ச் இல்லை, அவ்வளவுதான். பாத்திரம் கழுவும் முன்பு தினமும் வாட்சைக் கழற்றி அலமாரி மேல் வைப்பது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது.

"பிள்ளைக்கு வலிப்பா?" என்று கடைக்காரர் எழுந்தே விட்டார்.

"இல்லைங்க" என்றாள். பையன் பக்கத்தில் குந்தினாள்.

நமக்கு என்றால் ஒரு வார்த்தையில் முடிந்துவிடும். முன்னே அடிப்பதற்காகக் கழற்றினேன், இப்போது அடிக்காமல் இருக்கத்தான் கழற்றுகிறேன் என்று சொல்லிவிடலாம். அதை அவனிடம் எந்த மொழியில் சொல்வது? அவனுக்குத் தெரிந்தது அவள் கை மட்டும்தான். அந்தக் கை வாட்சைக் கழற்றினால் அறை விழும் என்று ஒரு காலத்தில் அவள்தான் கற்றுக்கொடுத்தாள். மாதக்கணக்கில் பொத்தானைக் கற்றுக்கொள்ளாதவன் இதை நாலைந்து தடவையில் கற்றுக்கொண்டுவிட்டான். அறை நின்று போனது அவனுக்குச் செய்தியே இல்லை. ஒவ்வொரு தடவையும், இன்னும் விழவில்லை, இப்போது விழப்போகிறது என்றுதான் அவன் காத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

அன்று சாயங்காலம் புருஷனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கதவு முனையையும் சேர்த்துத்தான் சொன்னாள். அவர் திட்டுவார் என்று நினைத்தாள், திட்டினால் தேவலை என்றும் நினைத்தாள். அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டே, "நான் காலையில வீட்ல இல்லாம போயிட்டேனே" என்றார். அதைக் கேட்டபோது அவளுக்கு இன்னும் தாங்க முடியாமல் போயிற்று.

மாற்றிவிடலாம் என்று இருவரும் முயன்றார்கள். அவனுக்குப் பிஸ்கட் என்றால் உயிர். வாட்சைக் கழற்றுவாள், உடனே பிஸ்கட்டை நீட்டுவாள். கழற்றுவாள், சிரிப்பாள், நீட்டுவாள். அவன் தலையை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பான், பிஸ்கட் தரையில் கிடக்கும். எறும்பு வந்து இழுத்துக்கொண்டு போகும். வீட்டில் வாட்சே இல்லாமல் இருந்து பார்த்தாள். அவளுடைய வெறும் மணிக்கட்டைப் பார்த்த நாள் முழுக்க அவன் சாப்பிடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி கட்டிக்கொண்டாள்.

டீச்சரிடம் தனியாகச் சொல்லிவிடுவது என்று சனிக்கிழமை பள்ளிக்குப் போனாள். தனியாகச் சொல்ல இடமே கிடைக்கவில்லை. அறை நிறைய புதுப் பெற்றோர்கள். ஒரு இளம் தாய் முதல் வரிசையில் அழுது ஓய்ந்து உட்கார்ந்திருந்தாள். "நேத்து அடிச்சிட்டேன் டீச்சர்" என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். டீச்சர் விசிலக்காவைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "அம்மா, வாங்க. இவங்களுக்கு அத ஒரு தடவ செஞ்சே காட்டிடுங்க. சொன்னா புரியாது" என்றாள்.

"இன்னைக்கு வேண்டாமே டீச்சர்."

"வெக்கப்படாதீங்க, ஒரே ஒரு தடவ."

அழுத பெண் அவள் வாட்சையே பார்த்தாள். தண்ணீரில் விழுந்தவர் கயிற்றைப் பார்ப்பது மாதிரிப் பார்த்தாள். பையன் அறையின் மறுகோடியில், முதுகைக் காட்டிக்கொண்டு, மரக்கட்டைகளை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தான். அவன் பார்க்கவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள். பேச்சும் இருமலுமாக இவ்வளவு சத்தத்தில் கேட்காது என்றும் நினைத்துக்கொண்டாள். மெதுவாக, துளையை விரலால் மூடியபடி, வாரை இழுத்தாள்.

டக்.

கட்டைகள் சரிந்தன. அவன் எழுந்தான். இந்தத் தடவை உட்காரவில்லை, தலையை மூடவில்லை. குட்டி நாற்காலிகளை இடித்துக்கொண்டு நேரே அவளிடம் வந்தான். அவள் கழற்றி மேஜைமேல் வைத்திருந்த வாட்சை எடுத்தான். அவள் இடது கையைப் பிடித்துத் திருப்பினான். வாரைச் சுற்றினான், பக்கிளுக்குள் நுழைத்தான், இறுக்கி இழுத்தான். மற்ற துளைகளை எல்லாம் விட்டுவிட்டு, அவள் ஆணியால் போட்ட அந்தத் துளையைத் தேடிப் பிடித்து ஊசியை மாட்டினான்.

"பக்கிள் போட்டுட்டான்!" டீச்சர் கத்தியே விட்டாள். "அவனா போட்டுட்டான்! பாத்தீங்களா எல்லாரும்?" கை தட்டினாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், மறுபடி தட்டினாள். அறை முழுக்கக் கை தட்டியது. அந்த இளம் தாய்கூட அழுகை நடுவே சிரித்தாள்.

அவன் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. இரண்டு கையாலும் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தான். பிறகு ஒரு கையை எடுத்து, வாட்சின் மேல் ரெண்டு தட்டு தட்டினான். அவனுக்குப் பேச்சு வந்திருந்தால் கூடவே என்ன சொல்லியிருப்பான் என்று அவளுக்குத் தெரியும்.

"கை தட்டாதீங்க" என்றாள் விசிலக்கா. பஸ் நிலையத்துக் குரல் தானாக வந்துவிட்டது. அறை அடங்கியது. "இது படிச்சு வந்ததில்ல டீச்சர். பயம். வாட்ச கழட்டினா நான் அடிப்பேன்னு அவனுக்குத் தெரியும். மொதல்ல அதுக்குத்தான் கழட்டினேன். அத மட்டும் உங்ககிட்ட சொல்லாம விட்டுட்டேன்."

குட்டி நாற்காலி ஒன்று கிரீச்சிட்டது. தச்சர்தான் எழுந்து நின்றார். அவர் காதில் பென்சில் இருந்தது.

"எம் பொண்ணு இந்தப் பென்சில எடுத்து எடுத்து எங் காதுல செருகிட்டே இருப்பா, தங்கச்சி" என்றார். "கோபத்துல நான் கீழ வெச்சா ஓடி வந்து செருகுவா. விளையாட்டுன்னு நெனச்சேன். நானும் சிரிச்சுக்கிட்டே திரும்பத் திரும்ப எடுத்து வெப்பேன்." காதுப் பென்சிலைத் தொட்டுப் பார்த்தார். "இப்ப நான் என்ன செய்யணும்?"

அவர் டீச்சரைப் பார்த்துக் கேட்கவில்லை, இவளைப் பார்த்துத்தான் கேட்டார். இவள் டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் பாதியில் நின்ற தன் இரண்டு கைகளையும் என்ன செய்வது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டாள். "எனக்கும் தெரியலம்மா" என்றாள், மெல்லிய குரலில். அதற்காக அவள்மேல் யாருக்கும் கோபம் வரவில்லை.

அன்றிலிருந்து விசிலக்கா அந்த வாட்சைக் கழற்றுவதில்லை. அதோடுதான் குளிக்கிறாள், பாத்திரம் கழுவுகிறாள், தூங்குகிறாள். வாருக்கடியில் தோல் வெளுத்து அரிக்கிறது. பையன் மேஜைக்கடியில் போவதில்லை, நன்றாகச் சாப்பிடுகிறான். அவள் வேலை முடிந்து வந்ததும் முதலில் மணிக்கட்டைப் பார்ப்பான். பொத்தானை மட்டும் இன்னும் அவள்தான் போட்டுவிடுகிறாள், கீழிருந்து மேலாக. கோபம் வருகிறதா என்றால், வருகிறது. அப்போதெல்லாம் வலது கையால் வாட்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பாள். இது எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று அவளுக்கே தெரியாது.

தண்ணீர் உள்ளே போய் வாட்ச் நின்றுவிட்டது. பழக்க தோஷத்தில் இன்னமும் அதைத் தட்டித்தான் ஓட்டுநர்களை விரட்டுகிறாள். நேரத்தைக் கூண்டுச் சுவரில் இருக்கும் கடிகாரத்தில் பார்த்துக்கொள்கிறாள்.

"நின்னுபோன வாட்சக் காட்டியா அக்கா எங்கள வெரட்டுறீங்க?" என்று கேட்டார் ஒரு ஓட்டுநர். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நல்ல மனசுக்காரர்தான் அவர். இவளுக்கு வாங்கிவந்த டீயைக் கூண்டின் ஜன்னலில் வைத்துவிட்டுக் கையை நீட்டினார். "கழட்டிக் குடுங்க, எதுத்த கடையில குடுத்து சரி பண்ணிட்டு வந்துடறேன். அஞ்சு நிமிஷம்."

வீடு எங்கோ இருந்தது, பையன் பள்ளியில் இருந்தான். கழற்றினால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் வாட்ச் இல்லாத தன் கையை நினைத்தால் அவளுக்கே இப்போது பயமாக இருந்தது. வலது கையால் வாட்சைப் பொத்திக்கொண்டாள்.

"நேரமாச்சுப்பா" என்றாள். "வண்டிய எடு."